பாலம் பளபளக்கிறது, கரை?

ஆசிரியருக்கு,

அடையாளச் சின்னங்களுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்று கேட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். எல்லாமே வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 டிசம்பரில் கன்னியாகுமரிக் கடலில், படகில் போய்ச் சேரும் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து ரூ.37 கோடியில் திறந்த கண்ணாடிப் பாலம் பகட்டுதான். ஆனாலும் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது என்ற பழைய தொல்லையைத் தீர்த்தது. பகட்டுக்குள் இப்படி ஒரு பயன் இருந்தால் சரி.

குறை கரையில்தான். வயதான அத்தையை அழைத்துப் போயிருந்தேன். 77 மீட்டர் பாலத்தைச் சிரித்துக்கொண்டே கடந்தவருக்கு, படகு வரிசையில் நின்றே கால் வீங்கிவிட்டது. இனி எந்தச் சின்னத்துக்கும் ஒப்புதல் தரும் முன், நிழல், இருக்கை, கழிப்பறை, பத்தாண்டுப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

- வாசகர், நாகர்கோவில்