கொப்பியில் கிறுக்கி அழித்த முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகையில் வெளியிடுகிறீர்கள். ஒரு வருடம் என் மகனின் படமும் வந்தது. அதை வெட்டி நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையை விட்டு நகரத்துப் பாடசாலையில் ஆறாம் தரத்துக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். பிள்ளைகளைக் கவனிப்பதே என் தொழில். ஆனாலும் சொந்தப் பிள்ளையைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவானால் அவனுக்கு வயிற்று வலி வரும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பேன். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வலி எட்டிப் பார்ப்பதேயில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று. கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் சில நாட்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. பஸ் காசு தொலைந்துவிட்டது என்று இரண்டு தடவை நடந்தே வீடு வந்தான். தங்கையை அதட்டிக்கூடப் பேசாதவன், அவளைக் கிள்ளி, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கினான்.

ஒரு நாள் அவனாகவே வாய் திறந்தான். பஸ்ஸின் பின் ஆசனத்தில் மேல் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் இருப்பார்களாம். தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் “தோட்டக்காட்டான்” என்ற சொல்லால் கூப்பிடுவார்களாம். ரொட்டியைப் பிடுங்கி மணந்து பார்த்து மூக்கைப் பொத்துவார்களாம். இதைக் கேட்டதும் நான் சொன்னது: “நீ என்ன செய்தாய்? சும்மா இருக்கிறவனை யாராவது சீண்டுவார்களா?” அவனுடைய அப்பா சொன்னது: “ஆம்பிளைப் பிள்ளைதானே, திருப்பி அடி.” மகன் எழுந்து போய்ப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டான். அதன் பிறகு மூன்று மாதம் எதுவும் சொல்லவில்லை.

ஆசிரியர் அவர்களே, இந்த இரண்டு பதில்களும் எங்கள் ஊர் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. பிள்ளை மீது அக்கறை இல்லாமல் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைக்குக் கேட்பது வேறு. அம்மா சொன்னதிலிருந்து பிழை தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அப்பா சொன்னதிலிருந்து தனக்குத் தெம்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று பேரையும் அடிக்க முடிந்த பிள்ளையாக இருந்தால் அவன் ஏன் எங்களிடம் வந்து சொல்லியிருக்கப் போகிறான்?

பல்கலைக்கழகத்தில் நடந்தால் இதைப் பகிடிவதை என்கிறோம். பாடசாலையில் நடந்தால் வெறும் பகிடி. வதை என்ற பாதியை நாமே வெட்டி எறிந்துவிடுகிறோம். இதை 1970களிலேயே ஆராயத் தொடங்கியவர் நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியூஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது என்று மூன்று அடையாளங்களை அவர் சொன்னார். பந்துக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால் அது சண்டை, மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். தினமும் ஒருவனையே மூன்று பேர் குறிவைத்தால் அது சண்டையில்லை. அங்கே போய் “இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ளுங்கள்” என்று சமாதானம் செய்து வைப்பது, அடிபட்ட பிள்ளையை இன்னொரு தடவை அடிப்பதற்குச் சமம்.

என் கண்ணைத் திறந்தது ஒரு கொப்பி. அதன் அட்டையில் பெயருக்குக் கீழே எழுதியிருந்த முகவரியில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் மட்டும் தாள் கிழியும் அளவுக்குப் பேனையால் கிறுக்கி அழித்திருந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நகரத்துக் கடையில் யாராவது “எந்த இடம்?” என்று கேட்டால் நானும் “ஹட்டன் பக்கம்” என்றுதான் சொல்வேன். ஒரு நாளும் தோட்டத்தின் பெயரைச் சொன்னதில்லை. மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அந்தப் பையன்கள் எறிந்த சொல் அவனுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு நானும் காரணம்.

அன்றிரவு அவனிடம், “நீ முதலில் சொன்னபோது நான் சரியாகக் கேட்கவில்லை. பிழை உன்னுடையது இல்லை, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதிக்கொண்டேன். அவனுடைய அப்பா அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்து என்னோடு பாடசாலைக்கு வந்தார். நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது சிறிய விடயமில்லை. வகுப்பாசிரியை முதலில் “பிள்ளைகள் பகிடிக்குச் சொல்வது” என்றுதான் சொன்னார். திகதிகளைப் படித்த பிரதி அதிபர் அப்படிச் சொல்லவில்லை. யாரையும் அடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் ஓர் ஆசிரியரோ மாணவத் தலைவரோ நிற்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து எங்களை மறுபடியும் அழைத்துப் பேச வேண்டும் என்றுதான் கேட்டோம். இரண்டும் நடந்தன.

அந்த மூவரில் ஒருவன் வேறொரு தோட்டத்துப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், அம்மாச்சியிடம் வளர்கிறான். தன்னை யாரும் தோட்டக்காட்டான் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே என் மகனை முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். ‘உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறான்’ என்று பாடசாலையிலிருந்து தகவல் வந்தால், தயவுசெய்து ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள், பிள்ளையைப் பெல்ட்டால் விளாசவும் வேண்டாம். வீட்டில் வாங்கிய அடியைப் பஸ்ஸில் இன்னொருவனுக்குக் கொடுப்பான், அவ்வளவுதான். பாடசாலை கேட்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எங்கள் தோட்டத்தில் நான் கேட்ட தாய்மார் பலருக்கு இந்த இலக்கம் தெரியவில்லை. அதை இப்போது பிள்ளை மடுவத்தின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் நடந்தது. முன்னோர் காடு வழியே நடந்து வந்ததையும், வழியிலேயே மாண்டவர்களையும், கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்களையும் பற்றி மகனுக்கு இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அவன் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரியாமல் என் மாமனாரிடம் அனுப்புகிறேன்.

புது வருடக் கொப்பியில் முகவரியை முழுதாக எழுதியிருக்கிறான். அவனுடைய பாடசாலை எதுவென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் அதை இந்தக் கடிதத்தில் தவிர்க்கிறேன். தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மகனின் படத்துக்குக் கீழே பாடசாலையின் பெயரும் புள்ளியும் இருந்தன, தோட்டத்தின் பெயர் இல்லை. அடுத்த தடவை பெற்றோர் சம்மதித்தால் அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளை மடுவத்தில் பணிபுரியும் ஒரு தாய்,
நுவரெலியா மாவட்டம்.