இடது காதில் விழும் அறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் சினிமா பக்கத்தில் வந்த விமர்சனம் ஒன்றில், நாயகன் மனைவியை ஓங்கி அறையும் இடத்தில் தியேட்டரே கைதட்டியது என்று பாராட்டாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஈரோடு மாவட்டத்தில் அரசு செவிலியராக 29 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதில் 11 ஆண்டுகள் காது மூக்கு தொண்டைப் பிரிவில்.

கன்னத்தில் அறைகிறவனுடைய உள்ளங்கை பல நேரம் காதையும் சேர்த்தே மூடிவிடும். காதுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுந்தி, செவிப்பறையைக் கிழித்துவிடும். நம்மில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். அதனால் எதிரே நிற்பவளுக்குப் போவது பெரும்பாலும் இடது காது. இடது காதில் பஞ்சை அடைத்து, முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடியபடி ஒரு பெண் வரிசையில் நின்றால், சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கேட்டால், பால் கறக்கும்போது மாடு தலையை ஆட்டியது என்பாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். பலர் வலி தாங்காமல் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வருவார்கள். செவிப்பறை கிழிந்த காதில் எதை ஊற்றினாலும் சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு. சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளக்கூடிய சிறு ஓட்டை, அறுவை சிகிச்சை வரைக்கும் போன கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தியை இன்றுவரை மறக்க முடியவில்லை. முப்பது வயது இருக்காது, இடுப்பில் கைக்குழந்தை. கணவர் அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார், டாக்டர் முன்னால் பணிவாக நின்று பேசினார். கூட வந்திருந்த அவளுடைய அம்மா என்னை ஜன்னலோரம் அழைத்துப் போய், "எங்கள் மாப்பிள்ளை குடிக்கிறாரா அம்மிணி? இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி பெல்ட்டை எடுத்து விளாசுகிறாரா? அதுவும் இல்லை. ஏதோ கோபத்தில் ஒரே ஒரு அறை. இதைப் போய்ச் சீட்டில் எழுதிவிடாதீர்கள்" என்று கெஞ்சினார். அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ராத்திரியில் குழந்தை அழுவது கேட்பதில்லை அக்கா. நல்ல காது மேலே இருக்கிற மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

அந்த அம்மாவுக்கு அந்த அளவுகோலைக் கொடுத்தது யார்? நம் படங்களில் மனைவியை அடிப்பவன் பெரும்பாலும் இரண்டே வகை. ஒருவன் கொடூரன். குடித்துவிட்டு வருவான், சோற்றுத் தட்டை எட்டி உதைப்பான், கடைசியில் நாயகனிடம் உதை வாங்குவான். இன்னொருவன் அந்த நாயகனே. அவன் அடித்தால் அது உரிமை, பாசம், அல்லது பெண்ணின் திமிருக்குப் பாடம். அடி வாங்கியவள் அடுத்த காட்சியில் அவனுக்குச் சோறு போடுவாள். விதிவிலக்கான படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலையில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கோயில் நோம்பிக்கு வரவுசெலவு பார்த்து, ஊரில் நல்ல பெயர் எடுத்து, கதவைச் சாத்திய பிறகு கை நீட்டுகிறவனைத் திரையில் காண்பது அரிது. அதனால்தான் பக்கத்துத் தோட்டத்தில் அவன் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கோபிசெட்டிபாளையத்துக்காரியான எனக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. கொடிவேரி அணையிலும் தடப்பள்ளி வாய்க்கால் கரையிலும் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டுத் திண்ணையில் அறை விழும் காட்சியை எடுத்தார்கள். நடிகரின் கை நடிகையின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே போனது. சரியான நொடியில் நடிகை தலையை வெடுக்கென்று திருப்பினார். ஐந்தாறு முறை எடுத்தார்கள். நடுநடுவே ஒரு பெண் ஓடிவந்து அவருடைய வியர்வையை ஒற்றிவிட்டாள். சத்தமே இல்லை; அதைப் பிறகு சேர்ப்போம் என்றார் குழுவில் ஒருவர். நடிகைக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் அன்று மாலையே எங்கள் வீதிப் பிள்ளைகள் அந்தக் காட்சியை நடித்து விளையாடினார்கள். அறை வாங்கும் வேடத்தை ஒரு சிறுமிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கை ஒரு சாண் தள்ளிப் போகவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். சமையல் சரியில்லை, எதிர்த்துப் பேசினாள், மாமனார் மாமியாரை மதிக்கவில்லை என்பது போன்ற ஏதாவது ஒரு காரணத்துக்காக மனைவியை அடிப்பது நியாயமே என்று அதே ஆய்வில் நாடு முழுக்க 44 சதவீத ஆண்களும் 45 சதவீதப் பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் ஒரு சதவீதம் கூடுதல்! 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சினிமா வருவதற்கு முன்பே நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், உண்மைதான். அதற்குப் பின்னணி இசை சேர்த்துக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்தது சினிமா.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வசைச் சொல்லையும், செலவுக்குக் காசு கொடுக்காமல் வைத்திருப்பதையும்கூட அது வன்முறை என்றே சொல்கிறது. புகார் கொடுத்தவள் அதே வீட்டில் வசிக்க நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். மனு எழுத உதவப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நான் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஓர் அலுவலர் ஒரு காட்சிக்குக்கூட வரவில்லை.

திரையில் எச்சரிக்கை வாசகம் ஓடவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை யார் படிக்கிறார்கள்? அறையை எடுக்கிற இயக்குநர்கள், மறுநாள் காலையில் அவள் காதில் பஞ்சோடு வரிசையில் நிற்பதையும் எடுக்கட்டும். தங்கள் விமர்சகர் அடுத்த முறை கைதட்டலைக் குறிப்பிடும்போது, கைதட்டாமல் உட்கார்ந்திருந்த பெண்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் யாருக்காவது அடிபட்டுக் காது அடைத்தாற்போலவோ, உள்ளே இரைச்சலாகவோ இருந்தால், எண்ணெய் விடாதீர்கள், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகவிடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மாடு இடித்தது என்று சொல்லாமல், நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சீட்டில் எழுதுகிற அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும். மகளிர் உதவி எண் 181.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோபிசெட்டிபாளையம்.