அந்தப் படத்தை அச்சுக்குக் கொடுத்துவிடாதே

சந்தூர்,
ஆடி வெள்ளி

அன்புள்ள மல்லிகா,

நீ விற்கிற நிப்பட்டுப் பையில், அதாவது தட்டைப் பையில், உன் முகம் என்று போட நீ அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். அதை அச்சுக்குக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணி நிறுத்து. வாய்ஸ் மெசேஜில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு “சரி சரி” என்று போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாய். அதனால்தான் நீ கேட்ட செந்தூரா மாங்கன்றுகள் வரும் வண்டியிலேயே இந்தக் கடிதமும் வருகிறது.

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு மூட்டு வலி தேவலை. ராஜி மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய், புடவையை அவளிடமே கேட்டு வாங்கிக்கொள். பெங்களூரா மாங்காய்க்கு இந்த வருஷம் கிடைத்த விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது, விடு.

படத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது நீ இல்லை மல்லி. கவிதா சீர் விழா ஆல்பத்திலிருந்து வெட்டியது என்று பார்த்ததுமே தெரிகிறது. உன் தோளில் ஒரு கை இருக்கிறதே, அந்த வளையல் உன் சின்ன மாமியாருடையது என்று எனக்குத் தெரியாதா? அது போகட்டும். முகத்தை எதற்கு இப்படி வெளுத்து வைத்திருக்கிறார்கள்? மைதா பூசின மாதிரி முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கன்னத்து மச்சத்தையே காணோம். சாந்தி டீச்சர் அந்த மச்சத்தை வைத்துத்தானே உன்னையும் உன் அக்காவையும் பிரித்துக் கூப்பிடுவார்? போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உன் கையால் நிப்பட்டு வாங்கித் தின்றவர்கள், கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் இந்தப் பையைப் பார்த்தால் யாரோ டிவி நடிகை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பையை எடுப்பார்கள். இத்தனை வருஷம் அடுப்பு முன்னால் நின்று நீ சம்பாதித்த பெயர் உன் முகத்தோடு சேர்ந்தது. வேறு முகத்தைப் போட்டால் அந்தப் பெயர் பையில் ஏறாது.

எனக்கு எங்கிருந்து இவ்வளவு தெரிந்தது என்று கேட்பாய். நர்சரி போர்டுக்கும் கூகுள் பக்கத்துக்கும் நானும் இப்போதுதான் படம் எடுத்தேன். குப்பம் பக்கத்திலிருந்து கன்று வாங்க வருகிறவர்கள் முதலில் போனில்தான் நம்மைப் பார்க்கிறார்கள். பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு தம்பி வந்தான். ஆடியில் முகூர்த்தம் இல்லையா, காமிரா சும்மாதான் கிடக்கும். அதனால் நிதானமாக நின்று எடுத்தான், கேட்ட பணமும் குறைவு.

வந்ததும் அவன் காமிராவைக் கையில் எடுக்கவில்லை. தோட்டம் முழுக்கச் சுற்றி வெளிச்சத்தைப் பார்த்தான். நான் பச்சை நிழல்வலைக்குக் கீழே, கன்றுகளுக்கு நடுவில் நின்றால் அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். “வேண்டாங்கக்கா, வலை வெளிச்சத்தைப் பச்சையாக்கி முகத்தில் விடும், காமாலை வந்தவங்க மாதிரி ஆகிடும்” என்றான். வெள்ளைத்தாளை வலைக்குக் கீழே பிடித்துக் காட்டினான், நிஜமாகவே பச்சை அடித்தது. கண்ணுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. திண்ணையின் ஓரத்தில், வெயில் மேலே படாமல், திறந்த வானத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தான். மறுபக்கக் கன்னத்தில் இருட்டு விழாமல் இருக்க எங்கள் வீட்டு வெள்ளை வேட்டியை மருமகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவ்வளவுதான், கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டு வந்துவிட்டது. அந்தப் பொட்டு இல்லாத கண் படத்தில் செத்துப்போய்த் தெரியும், கவனித்துப் பார்.

உன் சமையல் கொட்டகையில் நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறாயே, அதன் கீழே எடுக்கவே விடாதே. டியூப்லைட்டையும் அணைத்துவிடு. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம், இரண்டும் முகத்தில் கலந்தால் அப்புறம் சரிப்படுத்த முடியாது. கிழக்கே பார்த்த வாசல்படியில் வெயில் ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். சுண்ணாம்படித்த சுவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுபோகும். காமிரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று தானே குறைத்துவிடுகிறது. முகத்துக்குத்தான் வெளிச்சம் அளக்க வேண்டும். கவிதா போனில் எடுத்தாலும் திரையில் உன் முகத்தைத் தொட்டு விரலை மேலே நகர்த்தச் சொல். கிட்டே வந்து எடுக்கவும் விடாதே. போன் லென்ஸ் அகலமானது, அரை கஜத்தில் நின்றால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். நாலெட்டு தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கட்டும். அந்தத் தம்பி, தள்ளி நின்றாலும் முகத்தைக் கிட்டே காட்டுகிற 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுத் தூரத்தில்தான் நின்றான். அதனாலேயே எனக்கும் கூச்சம் குறைந்தது.

“சிரிங்க” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நாட்டுக் கன்றில் ஒட்டுக்குச்சி வைத்துக் கட்டச் சொன்னான். கத்தியால் சீவி, குச்சியை இறக்கி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டே வந்தபோது “இது எத்தனை நாளில் துளிர்க்குங்கக்கா?” என்று கேட்டான். பதில் சொல்ல நிமிர்ந்தேன், எடுத்துவிட்டான். அதுதான் போர்டில் இருக்கிறது. கை நகத்தில் மண், விரலில் பால் கறை, நெற்றியில் வேர்வை. எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் போனில் தன் தம்பிக்கு அனுப்பினார்.

வெளுக்கிற விஷயத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஸ்டுடியோவில் நம்மைக் கேட்காமலேயே செய்கிறார்கள். போனும் கேட்காமலேயே செய்கிறது, அதில் பியூட்டி என்று ஒன்று இருக்கும், முதலில் அதை அணைக்க வேண்டும். இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்களும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. நம் நிறம் யார் கணக்கிலும் இல்லாத காலத்தில் நம் அம்மாக்கள் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள்.

உன் அம்மா படத்தை நினைத்துப் பார் மல்லி. வாக்காளர் அட்டையிலிருந்து பெருக்கி, வெளுத்து, அவங்க ஒருநாளும் கட்டாத பட்டுப் புடவையைக் கழுத்துக்குக் கீழே வரைந்து, நீலப் பின்னணி போட்டு மாலை மாட்டியிருக்கிறது. மாவை உருட்டி, எண்ணெய் தொட்டு, ஓரம் பிசிறில்லாமல் தட்டுகிற அந்த விரல்களை நானும் நீயும் பார்த்திருக்கிறோம். அவை ஒரு படத்திலும் இல்லை. உன் பேத்திக்கு உன் கை தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

சரி, வேலையைப் பேசுவோம். பவுடர் போடாதே, பிளாஷ் பட்டால் சாம்பல் பூத்துவிடும். எண்ணெய் வழிந்தால் பருத்தித் துணியால் ஒற்று, போதும். பொடிக்கட்டம் போட்ட புடவை வேண்டாம், திரையில் அலை அலையாக ஓடும். அரக்குச் சுங்கடி இருக்கிறதே, அதைக் கட்டு. கண்ணாடியைக் கழற்றாதே, உன்னை யாரும் கண்ணாடி இல்லாமல் பார்த்ததில்லை. காதுப் பக்கம் கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பளபளப்பு விழாது.

பணம் பேசும்போதே, முழு அளவுக் கோப்பு வேண்டும் என்று சொல்லிவிடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாகவோ பென்டிரைவிலோ வாங்கு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். நிமிர்ந்த படம் ஒன்று, படுத்த படம் ஒன்று, ஒரு பக்கம் எழுத்துக்கு இடம் விட்டு எடுக்கட்டும். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை என்று இருக்கிறது. அதனால் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் படத்தை எடுக்கிறவர்கள் தங்கள் விளம்பரத்துக்குப் போடுவதானால் உன்னைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கு.

நான் இவ்வளவு அவசரப்படுவது அச்சுச் சிலிண்டருக்காக. இந்த மாதிரிப் பைக்குப் போடுகிற கிரேவர் அச்சில், படத்தை உருளையில் வெட்டித்தான் அடிப்பார்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் வெட்டுவார்கள். வெட்டியபின் முகத்தை மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் முதலிலிருந்து காசு. தீபாவளிச் சரக்குக்குப் பை வேண்டும் என்று அவர்கள் உன்னை நெருக்குவார்கள், அசையாதே. படம் வரும்வரை பழைய ஸ்டிக்கரையே ஒட்டி ஓட்டு.

ஆவணி பிறந்துவிட்டால் அந்தத் தம்பி போனையே எடுக்கமாட்டான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காவேரிப்பட்டணம் வரச் சொல்லட்டுமா? நானும் அவனோடு வருகிறேன், வேட்டி பிடிக்க ஆள் வேண்டுமே. அவன் வரும்போது சட்டி அடுப்பில் இருக்கட்டும், நீ பாட்டுக்குத் தட்டிக்கொண்டிரு. அவனுக்குக் காரம் ஆகாது, மிளகாய் குறைத்து ஒரு ஈடு தனியாகப் போடு. எனக்கு எப்போதும் போல. பதிலைக் கன்று இறக்கும் டிரைவரிடமே கொடுத்தனுப்பு.

உன்,
தேவகி