வாளியைத் திறக்கும் முன்

அன்புள்ள மாப்ள,

"பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த உப்பு வாங்கலாம்?" என்று நீ கேட்ட கேள்வி ஒரு வரிதான், மீதிக் கடிதம் முழுக்கப் புகார். அதற்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். முதல் மாதம் சோம்பல். அப்புறம் என் தொட்டியில் நடந்ததை எழுத மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

நடந்தது இதுதான். தொட்டியைப் பக்கத்து அறைக்கு மாற்றும்போது பாதித் தண்ணீரைப் புதிதாகக் கலக்க வேண்டி வந்தது. வழக்கமான உப்பு தீர்ந்திருந்தது. கைக்குக் கிடைத்த வேறொரு உப்பு வாளியை வாங்கினேன். உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 25 டிகிரி, இரண்டையும் சரிபார்த்தேன். அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவை, பார்க்கவில்லை. அதை டிகேஎச் என்ற அலகில் அளப்போம்; என் தொட்டி 7.5 டிகேஎச். புதுத் தண்ணீர் 12. பாதிக்குப் பாதி கலந்ததும் 9.75. ஒரு மணி நேரத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் என் தொட்டியில் ஏறக்குறைய பூஜ்யம். அப்படிப்பட்ட தண்ணீரில் இந்த ஏற்றத்தை அக்ரோபோரா என்ற கிளை விடும் கல் பவளம் தாங்காது. ஒரே வாரத்தில் கிளை நுனிகள் எல்லாம் வெளுத்தன. அந்த நீலக் கொத்து, நீ உன் கையால் உடைத்துக் கொடுத்தது, அடியோடு போய்விட்டது. மூன்று வருடம் வளர்த்தேன்டா.

உப்பில் குறை எதுவும் இல்லை. என் தொட்டிக்கு அது பொருந்தாத உப்பு. உனக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான்: வாளியின் பெயரைப் பார்க்காதே, கலந்த தண்ணீரின் அல்கலினிட்டி என்ன என்று பார். உன் தொட்டி எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்கு அருகில் வரும் உப்புதான் உன் உப்பு.

"எல்லாம் கடல் உப்புதானே" என்கிறார் நம்ம வாத்தியார். அவர் சொல்வதில் பாதி சரி. சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி எடுத்து வந்த தண்ணீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். 1884இல் முடிவை வெளியிட்டார். திறந்த கடலில் எங்கே அள்ளினாலும் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் சோடியம், குளோரைடு, மெக்னீசியம், கால்சியம் என்று முக்கியமானவை ஒன்றுக்கொன்று நிற்கிற விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தரும் விஷயம் இது. கடலில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம், மெக்னீசியம் 1280 முதல் 1300, அல்கலினிட்டி 7 டிகேஎச் பக்கம்.

வாளியில் வருவது அந்தக் கடல் இல்லை. பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டச் சில கம்பெனிகள் இந்த அளவுகளைத் தூக்கி வைக்கின்றன. ரெட் ஸீ கம்பெனியையே எடுத்துக்கொள். அவர்களுடைய சாதாரண உப்பு 8 பக்கம் வரும், கோரல் ப்ரோ 12 பக்கம் வரும். இரண்டும் நல்ல உப்பு. கால்சியம், கார்பனேட் கரைசல்களைத் தனியாக ஊற்றி டோஸ் செய்யாமல், வாராவாரம் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பிக் கல் பவளம் வளர்ப்பவனுக்கு உயர்ந்தது உதவும். தினமும் டோஸ் செய்பவனுக்குக் கடலை ஒட்டிய எண் போதும், அதுதான் நிம்மதியும்கூட.

உன்னிடம் இப்போது இருப்பது ஸோவா, மஷ்ரூம், ஒரு லெதர், எல்லாம் மென்மையான பவளங்கள். அவை உறிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே 8 பக்கம் வரும் உப்பை வாங்கு. பிறகு அதை மாற்றாதே. மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரு முறைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகாதே. நான் பத்து சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் 7.5 என்பது 7.95 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். கால்சியம் 380தான் காட்டுகிறது, கம்பெனி ஏமாற்றுகிறது என்று இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய். முதலில் உப்புச்செறிவு அளக்கும் உன் ரிஃப்ராக்டோமீட்டரைச் சந்தேகப்படு. அதை வெறும் தண்ணீரில் சரிபார்த்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் தப்பாகக் காட்டலாம். 35 என்று குறித்த திரவம் தனியாக விற்கிறார்கள், அதில் சரிபார். உன் தண்ணீர் உண்மையில் 32ஆக இருந்தால் 420 இருக்க வேண்டிய கால்சியம் 384தான் காட்டும். கணக்கு அப்படியே பொருந்துகிறதா? கம்பெனிக்காரனை அப்புறம் திட்டலாம்.

இன்னொன்று, வாளியைத் திறக்கும் முன் நன்றாக உருட்டு. வண்டியில் குலுங்கி வரும்போது நுண்ணிய தூள் அடியில் இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும் உன்னைப் போன்ற சின்னத் தொட்டிக்காரர்களுக்கு மேல்வாளி ஒரு உப்பு, அடிவாளி இன்னொரு உப்பு. மூடியை இறுக்கிவை, ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். கலக்கும்போது ஆர்ஓ டிஐ முறையில் சுத்திகரித்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அதில் உப்பைப் போடு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதே. முதலில் விழும் கொஞ்சத் தண்ணீரில் எல்லாம் அடர்த்தியாகச் சேர்ந்து, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பக் கரையாது. தெளிந்த பிறகு ஒவ்வொரு புது வாளியிலும் ஒரு முறையாவது அல்கலினிட்டி டெஸ்ட் செய். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் விட்டேன்.

உன் நீலக் கொத்து போனதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். பக்கத்துக் கல்லில் ஒட்டிய ஒரு விரல் நீளத் துண்டு மட்டும் இன்னும் நிறம் விடாமல் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

உன் தொட்டியின் அல்கலினிட்டியை மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து எழுது. அதுவரை புது வாளி வாங்காதே.

உன்,
மச்சான்