லண்டனில் ஒரு நடுகல்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மா போனில் பயந்த அளவுக்குக் குளிர் இல்லை. இந்த ஊர் போலீஸ் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் வேறென்ன கேட்பீர்கள்! பெரும்பாலானவர்கள் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து வருகிறார்கள். வழி கேட்டால் நின்று நிதானமாகச் சொல்கிறார்கள்.

என் ஆபீசுக்குப் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம். நடுவில் பூங்கா, சுற்றிலும் பழைய கட்டடங்கள், சாலையோரத்தில் ஒரு சின்ன நினைவுக்கல். பெண் காவலர் இவோன் ஃப்ளெட்சர் இங்கே வீழ்ந்தார், 1984 ஏப்ரல் 17. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பழைய நடுகல் மாதிரி, விழுந்த இடத்திலேயே நட்டிருக்கிறார்கள்.

அவருக்கு வயது 25. உயரம் போதாது என்று முதலில் சில இடங்களில் தேர்வில் தள்ளிவிட்டார்களாம். நீங்கள் சொல்லும் செலக்‌ஷன் கதைகள்தான் ஞாபகம் வந்தன. அன்று லிபியத் தூதரகத்தின் முன்னால் அந்நாட்டை ஆண்ட கடாஃபிக்கு எதிராக ஆர்ப்பாட்டம். இவருக்கும் இவரைக் கட்டிக்கொள்ள இருந்தவருக்கும் அங்கேதான் பந்தோபஸ்து டூட்டி. தூதரக ஜன்னலிலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஆர்ப்பாட்டக்காரர்கள் பலருக்குக் காயம். இவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கட்டடத்தைச் சுற்றி வளைத்து நாள் கணக்கில் நின்றும் உள்ளிருந்தவர்களைக் கைது செய்ய முடியவில்லை. தூதரகக்காரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு! கடைசியில் எல்லோரையும் நாட்டை விட்டு அனுப்பிவைத்தார்கள். அதே ஏப்ரல் 27 அன்றுதான் சாலிஸ்பரி பேராலயத்தில் இவருடைய இறுதிச் சடங்கு. 1999இல் லிபியா பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது. ஆனால் அந்தக் கொலைக்காக ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

சர்க்கார் விட்டாலும், இவருடன் வேலை பார்த்தவர் விடவில்லை. அன்று பக்கத்தில் இருந்த ஜான் மர்ரே என்ற காவலர், யார் செய்தது என்று கண்டுபிடிப்பேன் என இவோனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். ஓய்வு பெற்ற பிறகும் அலைந்து, சிவில் வழக்குப் போட்டு, 2021இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். எதிராளி கடாஃபியின் ஆள் ஒருவர்; தன் கையால் சுட்டவர் இல்லை. ஆனாலும் சேர்ந்து திட்டம் போட்டதால் அவரும் பொறுப்பு என்றது தீர்ப்பு. மர்ரே கேட்ட நஷ்ட ஈடு ஒரே ஒரு பவுண்டு. உங்களுக்கு இந்த மனுஷனைப் பிடிக்கும்.

அந்தக் கல்லை வைக்க முன்கை எடுத்தவர் மைக்கேல் வின்னர் என்ற சினிமா டைரக்டர். 1985 பிப்ரவரியில் பிரதமர் தாட்சர் திறந்துவைத்தார். அதற்காகத் தொடங்கிய அறக்கட்டளை, பணியில் இறந்த மற்ற காவலர்களுக்கும் அவரவர் விழுந்த இடத்தில் கல் வைத்திருக்கிறது.

நீங்கள் வரும்போது கூட்டிப்போகிறேன். பிக்காடிலி சர்க்கஸ் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். விசாவுக்கு உங்கள் பென்ஷன் புத்தகத்தின் நகல் வேண்டும். தம்பியை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள், போன முறை மாதிரி பாதிப் பக்கம் வெட்டுப்படாமல்.

அன்புடன்,
உங்கள் மகள்