கறுப்புச் சிறுத்தைக்குப் பிழை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை என் அண்ணன் மகளின் கொப்பியைப் புரட்டிப் பார்த்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தரம் 2. கொப்பியில் ஒட்டியிருந்த செயலட்டையில் ஒரு சிறுத்தையின் கோட்டுப் படம், கீழே 'வர்ணம் தீட்டுக' என்று இருந்தது. அவள் அதைத் தலையிலிருந்து வால் நுனி வரைக்கும் கறுப்புப் பெஸ்டலால் அழுத்தித் தேய்த்திருந்தாள், ஓர் இடத்தில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு மேலே சிவப்புப் பேனையில் ஒரு பெரிய பிழை, பக்கத்தில் 'மஞ்சள்' என்று எழுதியிருந்தது. ஏன்டி கறுப்பு அடிச்சே என்று கேட்டால், "அப்பா போன்ல காட்டின புலி கறுப்புதானே அத்தை" என்கிறாள்.

அவள் சொன்னதில் என்ன பிழை? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை இந்த மலையில் யார் மறந்தார்கள்? உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. அது வேறு இனமும் இல்லை, நம் மலைச் சிறுத்தையேதான், கருமை கூடிப் பிறந்தது, அவ்வளவுதான். நல்ல வெயிலில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளேயே புள்ளிகள் தெரியும்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறவள், இணையத்தில் கிடைத்த பனிக்கரடியையும் கங்காருவையும் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாடத்தை முடித்த நாட்கள் எனக்கும் உண்டு. பிறகுதான் யோசித்தேன், கங்காரு என்ன நிறம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும், நான் சொல்கிற நிறத்தைத்தானே அது அடிக்கும், அப்புறம் அதில் அது பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது?

வர்ணம் தீட்டுவதை நேரம் போக்குகிற வேலையாக நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். தரம் 1க்கு வருகிற பிள்ளை பெஸ்டலை முழுக் கையால் பொத்திப் பிடிக்கும். அதை இரண்டாக ஒடித்துச் சின்னத் துண்டாகக் கொடுத்துப் பாருங்கள், பொத்திப் பிடிக்க இடம் இல்லாததால் விரல்கள் தானாகப் பிரிந்து மூன்று விரலில் வந்து நிற்கும். காட்டுச் சேவலின் வாலை வளைத்து வளைத்து நிரப்பிய அந்த விரல்தான் நாளைக்கு 'அ'வையும் 'ஞ'வையும் வளைக்கப் போகிறது. அதனால் இந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், மிருகத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு மிருகத்துக்கா பஞ்சம்? காலையில் அம்மா கொழுந்து எடுக்கப் போகிற மலையில் பன்றி கிளறிய மண், முள்ளம்பன்றி உதிர்த்த முள், காலைப் பிடிக்கிற அட்டை, எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு. போன தவணை மரை மான் ஒன்றை நானே கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகள் அதைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பார்த்து வரைந்தார்கள். மண்ணிறப் பெஸ்டல் வகுப்பு முழுவதற்கும் ஒன்றுதான் இருந்தது. சரி என்று தேயிலைச் சாயத்தண்ணியைக் கெட்டியாக ஊற்றிப் பஞ்சால் தொட்டுத் தடவச் சொன்னேன். ஒரு தரம் தடவினால் வெளிறிய நிறம், காயவிட்டு மூன்று தரம் தடவினால் மழையில் நனைந்த மரையின் நிறம் அப்படியே வந்தது. "டீச்சர், கழுத்துல மசிர் நெறைய இருக்கும், அங்க இன்னும் கறுப்பா வரணும்" என்று ஒரு பையன் எழும்பிச் சொன்னான். ஹோர்ட்டன் சமவெளியில் பார்த்தானாம். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளை அவன்.

காட்டுச் சேவலின் கொண்டை சிவப்பு, அதன் நடுவில் மஞ்சள். நுவரெலியாப் பக்கத்துக் கொம்பு ஓணானுக்கு மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. இவை நம் நாட்டைத் தவிர வேறு எங்கும் இல்லாதவை. இவற்றை விட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் போகிறோம்?

வலயங்களில் இருக்கிற ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மலைநாட்டு மிருகங்கள், பறவைகள் பத்துப் பதினைந்துக்குத் தெளிவான கோட்டுப் படங்கள் வரைவித்துப் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள், சித்திரம் நன்றாக வரைகிற ஆசிரியர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை தினம், அதற்கு முன்னால் சிறுத்தைப் படமாவது வந்தால் நல்லது. வகுப்பில் இருக்கிற சக ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் சின்னது, நிறம் வித்தியாசமாக இருந்தால் பேனையை எடுக்க முதல் ஏன் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை அண்ணன் மகளோடு நானும் அவள் பாடசாலைக்குப் போகிறேன். சண்டை பிடிக்க இல்லை. அந்தக் கருஞ்சிறுத்தையின் படத்தை டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறாள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா