நீர்மூழ்கிக் கப்பலே செய்யலாம்னு பேர் வாங்குன கட்டடம்

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதிடா, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கச் சொல்லு, கேக்க மாட்டாருன்னு தெரியும், இருந்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ இப்ப கொரியன்ல வெளுத்து வாங்குறா, மார்க்கெட்டுக்குப் போனா எனக்கு அவதான் மொழிபெயர்ப்பாளர்.

உன் பையன் கேட்டிருந்தானே, கொரியாக்காரங்களுக்கு இந்த கேம், கம்ப்யூட்டர் பித்தெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. வழக்கமா எல்லாரும் சொல்றது, 1997 பொருளாதார நெருக்கடியில வேலை போனவங்க ஊரெல்லாம் பிசி பாங், அதாவது காசு குடுத்து கேம் ஆடுற கம்ப்யூட்டர் கடை தொறந்தாங்க, 1998ல ஸ்டார்கிராஃப்ட்ங்கிற கம்ப்யூட்டர் கேம் வந்துச்சு, அரசாங்கம் வேகமா பிராட்பேண்ட் போட்டுச்சு, முடிஞ்சுது. அது உண்மைதான், ஆனா பாதிக் கதை. மீதிக் கதை சியோல் நடுவுல சேவுன் சங்கான்னு ஒரு பழைய கான்க்ரீட் கட்டடத்துல இருக்கு. லீவு நாள்ல நான் போய் சுத்துறது அங்கதான், வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டே.

ஜோங்னோங்கிற ரோட்டுலேர்ந்து தெக்கால தோய்கேரோங்கிற ரோடு வரைக்கும் வரிசையா கட்டடங்க, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கீழ கடைங்க, மேல வீடுங்க. 1967ல தொறக்க ஆரம்பிச்சு அடுத்த வருஷம் முடிச்சாங்க. டிசைன் பண்ணவர் கிம் சுகுன்ங்கிற பெரிய ஆர்க்கிடெக்ட், கட்ட வச்சவர் அப்ப மேயரா இருந்த கிம் ஹியோன் ஒக், அவருக்கு ஊரே வச்ச பட்டப்பேரு புல்டோசர். ஊர் நடுவுல இவ்ளோ நீளமான காலி நிலம் அவங்களுக்கு எப்படிக் கெடச்சுதுன்னுதான் எனக்கு முதல்ல புரியல. விசாரிச்சா, 1945ல போர் முடியப்போற சமயம், அமெரிக்க விமானம் குண்டு போட்டா தீ பரவிடும்னு பயந்து ஜப்பான் ஆட்சிக்காரங்க குடியிருந்த வீடுகளையெல்லாம் இடிச்சுத் தள்ளி 50 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையா வெறும் தரை ஆக்கிட்டாங்களாம். சில மாசத்துல போர் முடிஞ்சிருச்சு, நிலம் அப்படியே கெடந்துச்சு. அப்புறம் கொரியப் போர், அகதிங்க வந்து குடிசை போட்டுட்டாங்க. அந்தக் குடிசைகளைக் காலி பண்ணிட்டுதான் கட்டடம் எழும்புச்சு.

முதல்ல லிஃப்ட் வச்ச பணக்கார அபார்ட்மெண்ட்டா இருந்துச்சு. எழுபதுகள்ல ஹான் ஆத்துக்குத் தெக்கால கங்னாம் வளர ஆரம்பிச்சதும் காசுக்காரங்க அங்க போயிட்டாங்க, வாடகை எறங்குச்சு, எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரங்க நெறஞ்சுட்டாங்க. பக்கத்துல ஏற்கனவே அமெரிக்க ராணுவத்துலேர்ந்து வெளிய வந்த ரேடியோ சாமான், பழைய ரேடியோவுக்குள்ள இருக்குமே அந்தக் கண்ணாடி வால்வு, வயர் எல்லாம் விக்கிற சந்து இருந்துச்சு, சுத்தி லேத் பட்டறை, பித்தளை வார்க்கிற எடம், ஸ்க்ரூ கடை. ஒரு பொருளை வரைஞ்சு எடுத்துட்டுப் போனா சாயந்தரத்துக்குள்ள நாலஞ்சு கடை ஏறி எறங்கி செஞ்சு வாங்கிடலாம். சேவுனை ஒரு சுத்து சுத்தி வந்தா டாங்க் செய்யலாம், நீர்மூழ்கிக் கப்பலே செய்யலாம்னு இங்க ஒரு பேச்சே உண்டு. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டையும் ஒரு லேத் பட்டறைத் தெருவையும் தூக்கி ஒரே கட்டடத்துல அடுக்கி வச்சா எப்படி இருக்கும், அப்படி.

எண்பதுகள் ஆரம்பத்துல ஆப்பிள் டூ மாதிரியே காப்பி கம்ப்யூட்டர் இந்த ஏரியாவுல போட்டு வித்தாங்க, பசங்க பை நெறய ஃப்ளாப்பியோட வந்து கேம் காப்பி பண்ணிட்டுப் போவாங்க. இதுல இன்னொரு விஷயம், ஜப்பான் பாட்டு, சினிமா, கேமுக்கெல்லாம் இங்க ரொம்ப காலம் தடை, 1998லதான் கொஞ்சம் கொஞ்சமா எடுக்க ஆரம்பிச்சாங்க, அதனால 1989ல ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவோட கேம் மெஷின் கூட ஹுண்டாய் பேர்லயும், சேகா கம்பெனியோடது சாம்சங் பேர்லயும்தான் கடைக்கு வந்துச்சு. கேக்குறவன் இருக்கான், நேர் வழி பூட்டியிருக்கு, அப்ப சந்து வழியா வரத்தானே செய்யும்? திருட்டு எல்பி ரெக்கார்டு, திருட்டு கேசட், 'அந்த மாதிரி' வீடியோ, எல்லாம் இங்கதான். இதெல்லாம் அசிங்கம்னு சொல்லிட்டு இப்ப ஐடி நாடுன்னு மார் தட்டிக்கிறது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாதான் இருக்கு. ஒரு தலைமுறை சர்க்யூட் போர்டை கழட்டி மாட்டிக் கத்துக்கிட்டதுல பாதி இந்தத் திருட்டு வேலையிலதான்டா.

நாம் ஜூன் பைக்னு வீடியோ ஆர்ட்டிஸ்ட் தெரியுமில்ல, 1988ல 1003 டிவி வச்சு ஒரு கோபுரம் செஞ்சாரே, சியோலுக்குப் பக்கத்துல குவாச்சான் மியூசியத்துல இருக்கு. அதை அவருக்கு மாட்டிக் குடுத்தவர் லீ ஜங் சுங், இந்த சேவுன் வட்டாரத்து டெக்னீஷியன். அந்த பழைய பிக்சர் ட்யூப்லாம் வயசாகி 2018ல அணைச்சுட்டாங்க, ரிப்பேர் பண்ணி 2022ல மறுபடி எரிய விட்டாங்க. இங்க உள்ளவங்க அதைப் பெருமையா சொல்வாங்க, சொல்லட்டுமே.

இதைத் தோண்டும்போதுதான் இன்னொண்ணு மாட்டுச்சு. ஜப்பான் கார்ட்டூன் அனிமே பாக்குறவங்க கும்பிடுற டோக்கியோ அகிஹபாரா கடைத்தெரு இருக்கே, அதுவும் இதே கதை. 1869ல பெரிய தீ விபத்து, எரிஞ்ச எடத்தைத் திரும்பக் கட்டாம தீ தாண்டாதபடி காலியா விட்டு, அடுத்த வருஷம் தீயை அடக்க ஒரு கோயில் வச்சாங்க, 1890ல அங்கயே சரக்கு ரயில் ஸ்டேஷன். போருக்கப்புறம் பக்கத்து எலக்ட்ரிகல் ஸ்கூல் பசங்க ரேடியோ செஞ்சு வித்து காசு பாத்தாங்க, பார்ட்ஸ் கடைங்க தெருவுல மொளச்சுது, 1949ல தெருக்கடையை எடுக்கச் சொன்னதும் ரயில் பாலத்துக்கு அடியில போய் ஒண்டிக்கிட்டாங்க. அனிமே, வேலைக்காரி வேஷத்துல பொண்ணுங்க பரிமாறுற மெய்ட் கஃபே எல்லாம் ரொம்ப பின்னாடி வந்த சொந்தக்காரங்க. ரெண்டு ஊர்லயும் தீக்குப் பயந்து காலி பண்ண நிலம், யாரும் பெருசா உரிமை கேக்காத எடம், வாடகை கம்மி, அதனால கிறுக்குப் பசங்க தங்க முடிஞ்சுது. பெரிய கம்பெனியோ அரசாங்கமோ திட்டம் போட்டு இதை வளத்தாங்கன்னு யாராவது சொன்னா நம்பாத.

திட்டம் போட்டா என்ன ஆகும்னும் சேவுன்லயே பாக்கலாம். 1987ல சியோல்லயே யோங்சான்ங்கிற ஏரியாவுல புது எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் தொறந்து கடைங்களை இழுத்தாங்க, இங்க கூட்டம் வத்திப்போச்சு. 2009ல ஜோங்னோ பக்கத்து முதல் கட்டடத்தை இடிச்சுட்டு புல்வெளி போட்டாங்க. அடுத்து வந்த மேயர் இடிக்க வேணாம்னு சொல்லி 2017ல புதுசா நடைபாலம் போட்டு சொந்தமா பொருள் செஞ்சு பாக்குற மேக்கர் பசங்களுக்கு எடம் குடுத்தாரு. அப்புறம் இடிக்கணும்னு சொன்ன பழைய மேயரே திரும்ப வந்து, மறுபடி பார்க், டவர்னு பேச்சு. எதுத்தாப்ல ராஜாக்களோட முன்னோர் கோயில் ஜோங்மியோ, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கறது, அதுக்கு முன்னாடி டவரான்னு அது ஒரு தனி சண்டை. பார்க் வேணாம்னு நான் சொல்லல, ஆனா அந்தப் பட்டறைங்க ஒண்ணையொண்ணு நம்பி வாழுறது, பிரிச்சு ஊரோரம் வச்சா எதுவும் ஓடாது.

இன்னும் வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்யுற பெருசுங்க ரெண்டாவது மூணாவது மாடியில உக்காந்திருக்காங்க. உங்கப்பாவோட ரேடியோ இன்னும் பரண்லதானே கெடக்கு? எறக்கி, பின்னாடி கழட்டி, ஒவ்வொரு வால்வு மேலயும் எழுதியிருக்கற நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு, ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேத்து. கேட்டுப் பாக்கறேன். பையன் கையால மாட்டட்டும், ஆனா ப்ளக்கைப் புடுங்கிட்டு, தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சு கெப்பாசிட்டர்ல தேங்கியிருக்கற சார்ஜை எறக்கினப்புறந்தான் கை வைக்கணும், இல்லன்னா தூக்கி அடிச்சுடும், அதை மட்டும் நீ நின்னு பாத்துக்க.

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கேட்டதா சொல்லு.

உன்
சண்முகம்